பூண்டு வண்டியில் ஒரு குரல்

அவிநாசி சாலையில் ஒரு கல்யாண மண்டபம். நிச்சயதார்த்தம் முடிந்து, வந்திருந்த உறவுக்காரர்கள் சாப்பாட்டுக்கு எழலாமா, இன்னும் கொஞ்சம் உட்காரலாமா என்று பார்த்துக்கொண்டிருந்த மதிய நேரம். மேடையின் இடது ஓரத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து மௌனிகா கிடார் வாசித்தபடி பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சபரீஷ் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று பாட்டு நன்றாகவே போயிற்று. நாலாவதற்கு முன்னால் பெண்ணின் தோழிகளை மேடைக்கு அழைக்கச் சொல்லியிருந்தார்கள். மௌனிகா மைக்கை இழுத்துக்கொண்டு, "வாங்க, எல்லாரும் மேல வாங்க" என்றாள்.

முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சைப் பட்டு உடுத்தியிருந்தவர் எழுந்து மேடைக்குக் கீழேயே வந்துவிட்டார்.

"ஏனுங் அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க அந்தப் பூண்டு வண்டில கூப்பிடறவங்கதானுங்களே?"

மைக் திறந்திருந்தது. கேள்வி மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு பின்வரிசையில் யாரோ, "அட ஆமா, அதே குரல்தான்" என்றார்கள். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போய், சமையற்கட்டு வாசல்வரை எட்டியது. கல்யாணப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. தெரிந்தவளை எதிர்பாராத இடத்தில் பார்த்த சந்தோஷம்தான் அதில் இருந்தது. ஆனால் மௌனிகாவுக்குக் காது மடல் சுட்டது.

"ஆமாங்க, நான்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினாள். காதல் பாட்டு. உருகிப் பாட வேண்டிய பாட்டு. முதல் வரி முடிவதற்குள் முன்வரிசையில் மறுபடி தோள்கள் குலுங்கின.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த காரியம் அது. காந்திபுரத்தில் செல்போன் கடை ஒன்றின் மாடியில் பிரான்சிஸின் ஒலிப்பதிவுக்கூடம். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழாப் பாட்டுக்குக் குரல் கொடுக்க மௌனிகா அன்றைக்கு அங்கே போயிருந்தாள். கடுமையான சளி. மூக்கு அடைத்திருந்தது. பிரான்சிஸ் இரண்டு வரி கேட்டுவிட்டு, "இன்னிக்கு வேண்டாம் மௌனி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டான். அவள் கிளம்பும்போதுதான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர் கையில் மடித்த காகிதத்தோடு வந்தார். வண்டியில் தெருத் தெருவாகப் பூண்டு விற்கிறவர். ஒலிபெருக்கியில் போட ஒரு அறிவிப்பு வேண்டும். வழக்கமாகக் குரல் கொடுக்கிற ஆள் அன்றைக்கு வரவில்லை.

"நானே பேசிக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள் மௌனிகா. காகிதத்தில் இருந்ததை அப்படியே படிக்க அவளுக்கு மனசு வரவில்லை. கிடாரை எடுத்து இரண்டே இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி மீட்டி, பேச்சும் பாட்டுமாக ஒன்றைக் கூட்டினாள்.

மலைப்பூண்டுங்க, மலைப்பூண்டு. உரிச்சா கை மணக்கும், வதக்குனா ஊடு மணக்கும். வாங்கம்மா வாங்க... வாங்க.

கடைசி 'வாங்க'வை இழுத்தபோது மூச்சுப் போதவில்லை. சுருதி லேசாகக் கீழே இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிரான்சிஸ் விரலைத் தூக்கி, இன்னொரு தடவை என்றான். மௌனிகா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பூண்டுக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

ஒரு வண்டிக்காகப் பாடியது. அந்த வண்டிக்காரரிடமிருந்து அவர் தம்பி வாங்கினார். தம்பியிடமிருந்து காரமடைக்காரர் ஒருவர் வாங்கினார். பென் டிரைவில் போய், வாட்ஸ்அப்பில் போய், ஒரு வருஷத்துக்குள் பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, கோபி என்று பூண்டு வண்டி போகிற ஊரெல்லாம் அந்தச் சளிக்குரல் போயிற்று.

மௌனிகாவுக்கு முப்பத்திரண்டு வயது. சரவணம்பட்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகப் பேருந்துக்கு நிற்கும்போது, இனிமேல் போவதில்லை என்று தீர்மானித்துத் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். அன்றிலிருந்து கிடாரும் குரலும்தான் பிழைப்பு. கல்யாணம், காதுகுத்து, கம்பெனிகளின் குடும்ப விழா, ரேஸ்கோர்ஸ் பக்கம் காபிக்கடைகளில் சனி ஞாயிறு, ஆனைமலையில் ஒரு விடுதியில் மாதம் இரண்டு தடவை. ஓர் இடத்தில் பாடும்போது அடுத்த இடத்தைப் பற்றிய நினைப்பு. அழைப்பு வராத வாரத்தில் செல்போனை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். வந்த வாரத்தில், இதற்குத்தானா வேலையை விட்டோம் என்று தோன்றும். எந்த வாரமும் அவளுக்கு முழுசாகப் பொருந்தியதில்லை.

கணபதியில் வீடு. அப்பா கோபாலசாமி வீட்டையொட்டி லேத் பட்டறை வைத்திருந்தார். பூண்டு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே பட்டறை மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் அரைக் கிலோ வாங்குவார்.

"ஊறுகா போட்டும் தீரல, தொக்குப் போட்டும் தீரல. பக்கத்து ஊட்டுக்கெல்லாம் குடுத்தாச்சு" என்பாள் அம்மா பங்காரம்மா. "இன்னும் எதுக்கு வாங்கறீங்க?"

"மகள் கூப்பிடறா. போகாம இருக்க முடியுமா?" என்பார் அவர்.

"அப்பா, தெருவுல யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று மௌனிகா கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருவில் தெரியாதவர் யாரும் இல்லை.

நிச்சயதார்த்தம் முடிந்து ஐந்தாம் நாள் மோகன்குமார் கூப்பிட்டான். விழாக்களை ஏற்பாடு செய்து தருகிறவன். மௌனிகாவுக்குக் கிடைக்கிற வேலைகளில் பாதி அவன் மூலமாக வருவதுதான்.

"மேடம், அந்தப் புடவைக்கடை திறப்பு விழா... அவங்க வேற ஆளு பாத்துக்கறாங்களாம்."

"ஏனுங்க? போன வாரம்தான சரின்னாங்க?"

அவன் கொஞ்சம் இழுத்தான். "ஓனரோட சம்சாரம் அந்த நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்தாங்களாம். பட்டுப் புடவைய காட்டறப்ப ஜனம் பூண்ட நெனச்சுக்கிட்டா எப்படின்னு கேக்கறாங்க. நான் நெம்ப எடுத்துச் சொன்னேனுங்க மேடம்."

"சரிங்க, பரவால்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சத்தி ரோட்டில் போய், எங்கே போகிறோம் என்று தெரியாமல் அன்னூர்வரை போய்த் திரும்பினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு நிலைகொள்ளவில்லை. பேசும்போது 'வாங்க' என்ற சொல்லையே தவிர்த்தாள். கொங்கு நாட்டில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது லேசான காரியமில்லை. வீட்டுக்கு வந்தவர்களைத் தலையாட்டி வரவேற்றாள். மேடையில் சுருதியை அரைக் கட்டை ஏற்றிப் பாடிப் பார்த்தாள். தொண்டையைச் சுருக்கி, வேறு யாரோ மாதிரி பாடிப் பார்த்தாள். ஆனைமலை விடுதியில் மட்டும் நிம்மதி. அங்கே வருகிறவர்கள் பாலக்காட்டுப் பக்கமும் பெங்களூருமாக இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் குரலைத் தெரியாது. ஆனால் ஒரு நாள் பாடிவிட்டுத் திரும்பும்போது, பொள்ளாச்சி தாண்டி கிணத்துக்கடவு கடைவீதியில் குறுக்கே வந்து நின்றது ஒரு பூண்டு வண்டி. சபரீஷின் பழைய மாருதி காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடி தடுக்கவில்லை. கடைசி 'வாங்க' வருவதற்குள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டது சபரீஷுக்குத் தெரிந்தது.

"பூண்டுன்னு சொன்னா என்னங்கக்கா? போகட்டும் விடுங்க" என்றான்.

"பூண்டு இல்லடா" என்றாள் மௌனிகா. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது புலப்பட்டது. "அந்தக் கடைசி வார்த்தை. இறங்குது. உனக்குக் கேக்கலையா? ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம் தடவ இந்த ஊரெல்லாம் நான் சுருதி இறங்கிப் பாடறேன் தெரியுமா?"

"அது யாருக்கும் தெரியாதுங்கக்கா."

"எனக்குத் தெரியுதே."

மறுநாளே பிரான்சிஸிடம் போனாள். "அந்தப் பூண்டை மறுபடி பதிவு பண்ணணும்" என்றபோது அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து மைக்கை எடுத்து மாட்டினான். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். அதே வரிகள், அதே மெட்டு. கிடாரைத் தனியாக வாசித்துச் சேர்த்தாள். கீழே ஒரு குரலும் மேலே ஒரு குரலுமாகத் துணைக்குரல் பாடிச் சேர்த்தாள். கடைசி வார்த்தையை மட்டும் நாற்பது தடவைக்கு மேல் பாடியிருப்பாள். மாலை நாலு மணிக்கு அது ஊசியால் கோத்தது மாதிரி சரியாக உட்கார்ந்தது. பிரான்சிஸ் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றான்.

பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த நாள் விடிந்ததும் மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறினாள். நீலகிரியிலிருந்து பூண்டு வந்து இறங்குகிற மண்டிகள் அங்கேதான். ஊட்டிச் சாலை ஓரமாகக் குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்னச் சரக்கு வண்டிகள் வரிசையாக நின்றன. அந்தப் பாட்டை முதலில் வண்டியில் போட்டவர் யார் என்று மூட்டை சுமக்கிறவர்களிடம் விசாரித்ததில், மூன்றாவது மண்டி வாசலில் பூண்டைச் சலித்துக்கொண்டிருந்தவரைக் கைகாட்டினார்கள். பெயர் ரசாக். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. அவள் வாயைத் திறந்து, "ஏனுங்க, மூணு வருசத்துக்கு முன்னால..." என்றதுமே நிமிர்ந்துவிட்டார்.

"நீங்களாங்க? வாங்க, வாங்க. ஏப்பா, இந்தம்மாவுக்கு ஒரு டீ சொல்லு. நம்ம வண்டிக் குரல் வந்திருக்குது."

நாலைந்து வண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் செல்போனை எடுத்து அவளோடு நின்று படம் பிடித்துக்கொண்டார். மௌனிகா டீயைக் கையில் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். பழையது சளியோடு பாடியது. தப்பாக இருக்கிறது. புதிதாகச் செய்து கொண்டுவந்திருக்கிறேன். எல்லோரும் இதைப் போட்டுக்கொண்டால் நன்றாக இருக்கும்.

ரசாக் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. "உங்க குரலுங்க. நீங்க மாத்தச் சொன்னா மாத்திப்போட வேண்டியதுதானுங்க" என்று பென் டிரைவை வாங்கி வண்டியில் செருகினார். புதுப் பாட்டு வந்தது. தலையைக் குனிந்து முழுக்கக் கேட்டார். "நெம்ப நல்லா இருக்குதுங்க. சினிமாவாட்ட இருக்குது" என்றார்.

அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஒட்டாமல் இருந்தது. மௌனிகா அதைக் கவனித்தாள். "இன்னிக்கு எந்தப் பக்கம் போறீங்க?" என்று கேட்டாள்.

"காரமடை போயிட்டு, பெரியநாயக்கன்பாளையம்வரைக்கும் போவனுங்க."

"நானும் வாரனுங்க."

முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தலைக்கு மேலே கூரையில் ஒலிபெருக்கி. காரமடை தேர்வீதியைத் தாண்டி, வீடுகள் நெருக்கமாக இருந்த முதல் தெருவில் வண்டி மெதுவாக நகர்ந்தது. ஒலிபெருக்கியில் மூன்று குரலில் மௌனிகா கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. இரண்டாவது தெருவில் ஒரு மாடி ஜன்னல் திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, எங்காச்சும் கச்சேரிங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க, பூண்டுங்க" என்றார் ரசாக்.

"பூண்டா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் மூடிக்கொண்டது.

மூன்றாவது தெருவில் மாவு அரைத்துத் தூக்கிக்கொண்டு போன ஒருவர் வண்டிக்கு வழிவிட்டு நின்றார். நகைக்கடை விளம்பரமா என்று கேட்டார். ரசாக் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு, வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். ஐந்து தெரு போயாயிற்று. ஒரு கிலோகூட இறங்கவில்லை.

"பழசப் போடுங்க" என்றாள் மௌனிகா.

"பரவாயில்லீங்க, பழகப் பழக சரியாப் போயிரும்ங்க."

"போடுங்கண்ணா. பாக்கலாம்."

அவர் பென் டிரைவை மாற்றினார். மூக்கடைத்த குரல் கரகரவென்று தெருவில் போயிற்று. வாங்கம்மா வாங்க... வாங்க. அந்தக் கடைசி வார்த்தை இறங்கியபோது மௌனிகா வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது எதிரே ஒரு கேட் திறந்திருந்தது. அடுத்து இன்னொன்று. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் கையில் எவர்சில்வர் சட்டியோடு வந்தாள்.

"ஏனுங்க, இந்த வாரம் சளிப்புள்ள வரலையோன்னு பாத்தேன்" என்றாள்.

"சளிப்புள்ளயா?" என்று மௌனிகா கேட்டாள்.

"அப்படித்தானுங்க நாங்க சொல்றது. பாவம், மூணு வருசமா அந்தப் புள்ளைக்குச் சளி போகவே இல்ல."

நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ரசாக் தராசுக்குப் போக, மௌனிகா இறங்கி மூட்டையின் வாயை விரித்துப் பிடித்தாள். சட்டி கொண்டுவந்த பெண் ஒவ்வொரு பூண்டாக எடுத்து அமுக்கிப் பார்த்துப் பொறுக்கினாள். அவள் பெயர் செல்லாத்தாள் என்று மற்றவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது. மௌனிகாவால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் முன்னாடி வேற ஒரு பாட்டு வந்துச்சே, அது உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கேட்டுச்சுங்க. ரேடியோன்னு நெனச்சேன்."

"இந்தப் பழசுல கடைசி வார்த்தை சரியில்லீங்களே. கீழ இறங்கிப் போகுது."

செல்லாத்தாள் பூண்டைப் பொறுக்குவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள். "ஆமாங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன மாதிரி இருக்கும். எங்கூட்டுல நான் காலைல மூணு தடவ எந்திரிங்கன்னு சொல்லுவனுங்க. மூணாவது தடவ இப்படித்தான் வரும். வந்தா வா, வராட்டிப் போன்னு." நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க புதுசா வேலைக்கு வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க" என்றாள் மௌனிகா.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மெஸ்ஸில் இருவரும் சாப்பிட்டார்கள். மௌனிகா சாம்பாரைப் பிசைந்தபடியே இருந்தாள், சாப்பிடவில்லை.

"அது தப்புங்க" என்றாள் திடீரென்று. "யாருக்குப் பிடிச்சாலும் தப்புத்தானுங்க."

"தப்புத்தானுங்க. நான் இல்லைன்னு சொல்லலீங்க" என்றார் ரசாக். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நாளையிலிருந்து போடலீங்க. மத்தவங்களுக்கும் நானே சொல்லிப்போடறேன். மைக் புடிச்சு நான் கத்திக்கறேன். அதுக்கு முன்னால அப்படித்தான் வித்துட்டிருந்தேன்."

அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் நினைத்துக்கொண்டிருந்தது பூண்டை அல்ல. நாற்பது தடவை பாடிய அந்தச் சுத்தமான பாட்டை. ஒரு குறை சொல்ல முடியாது. ஐந்து தெருவில் ஒரு கதவைத் திறக்கவும் அதனால் முடியவில்லை. கல்யாண மேடைகளில் தான் பாடுவதும் அப்படித்தானா? பத்து வருஷத்து, இருபது வருஷத்துப் பாட்டுகளை மூலத்தில் பாடியவர்கள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, அவர்கள் இழுத்த இடத்தில் இழுத்து, பிசகில்லாமல் பாடுகிறாள். ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டு, ரேடியோ என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவள் பேசிய ஒரு 'வாங்க'வுக்குத்தான் அந்த மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"பழசே இருக்கட்டுங்க" என்று எழுந்து கை கழுவப் போனாள்.

புது பென் டிரைவை ரசாக் திருப்பிக் கொடுத்தபோது, "உங்க ஊட்ல போட்டுக் கேளுங்க" என்று அவரிடமே விட்டுவிட்டாள்.

அந்த ஆவணி மாதம் முகூர்த்தங்கள் அடுக்கடுக்காக வந்தன. மோகன்குமார் கூப்பிட்ட நாலில் மூன்றை வேண்டாம் என்றாள். அவன் கோபித்துக்கொண்டான். அம்மா சண்டை போட்டாள். "ஏற்கெனவே ஒரு வேலைய உட்டுப்போட்டு வந்த. இப்ப இதையும் உட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள். அப்பா எதுவும் கேட்கவில்லை. பட்டறையின் பின்னால் இரும்புத்தூள் குவிந்திருந்த அறையைக் கூட்டி, ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். லேத் ஓடும் சத்தத்துக்கு மேல் அவள் தன் பாட்டுகளை எழுதிப் பார்த்தாள். கல்லூரியிலிருந்து எழுதி வைத்தவை இருந்தன. படித்துப் பார்த்ததும் கூச்சமாக இருந்தது. நிலாவும் மழையும் நிறைய. ஒவ்வொன்றாகக் கிழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஸ்கோர்ஸ் சாலையில் நடக்க வருகிறவர்கள் கூட்டம் அதிகம். அங்கே ஒரு மரத்தடியில், மைக் இல்லாமல், சபரீஷும் அவளும் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். முதல் வாரம் யாரும் நிற்கவில்லை. நாய் கூட்டிவந்த ஒருவர், நாய் நின்றதால் நின்றார். இரண்டாவது வாரம் ஒரு பெரியவர், தெரிந்த சினிமாப் பாட்டின் பேரைச் சொல்லி, "அது வருமா?" என்று கேட்டார். வராது என்றதும் போய்விட்டார். எந்த வரி வரும்போது ஜனங்கள் நடையை எட்டிப் போடுகிறார்கள் என்று மௌனிகா பார்த்துக்கொண்டே பாடினாள். வீட்டுக்கு வந்து அந்த வரியை எடுத்துவிட்டு வேறு எழுதினாள். அடுத்த வாரம் வேறொரு வரியில் போனார்கள்.

"எத்தன வாரமுங்கக்கா?" என்று சபரீஷ் ஒரு நாள் கேட்டான். அவனுக்கும் வீட்டில் பேச்சு விழுந்துகொண்டிருந்தது.

"தெரியலடா. நீ வேணும்னா கல்யாணத்துக்குப் போ. நான் கோச்சுக்க மாட்டேன்."

அவன் இரண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டு, மூன்றாவது ஞாயிறு திரும்பி வந்து பெட்டியை இறக்கி வைத்தான்.

கார்த்திகையில் ஒரு பாட்டு சரியாக அமைந்து நின்றது. காலையில் வீட்டை எழுப்புகிற ஒரு பெண். கணவனை, மகனை, மாமனாரை, நாயை, தண்ணீர் மோட்டாரை என்று ஒவ்வொன்றாக எழுப்புகிறாள். ஒன்றும் எழ மாட்டேன் என்கிறது. கடைசியில் அவள் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு எங்கேயோ பேருந்து ஏறிப் போகிறாள். எங்கே போகிறாள் என்று பாட்டில் இல்லை. முதல் தடவை அதைப் பாடியபோது நடந்துபோன இரண்டு பெண்கள் பத்தடி தாண்டிப் போய் நின்று, திரும்பி வந்தார்கள். "அந்தம்மா எங்கீங்க போறா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எனக்கும் தெரியலீங்க" என்றாள் மௌனிகா.

"பழனிக்குப் போயிருப்பா" என்றாள் மற்றவள். இருவரும் அதைப் பற்றித் தர்க்கம் பண்ணிக்கொண்டே போனார்கள். யாரோ செல்போனில் பிடித்து அனுப்பியது கொஞ்சம் சுற்றியது. பெரிதாக ஒன்றும் இல்லை. சில ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். பார்த்தவர்களில் ஒருவர் பொங்கியண்ணன். கொடுமுடிக்காரர். தை மாதத்தில் பேத்திக்குக் காதுகுத்து. நேராக அவளுக்கே போன் செய்தார்.

"எங்கூட்டுப் பொம்பளைகளுக்கு அந்த எந்திரிக்கற பாட்டு வேணுமாமுங்க. வேற எது பாடுனாலும் சரி, பாடாட்டியும் சரி. அது ஒண்ணு வேணும்" என்றார்.

காவிரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பந்தல். காலை விருந்து முடிந்து நாற்காலிகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். மௌனிகா அவர்கள் கேட்ட நாலு சினிமாப் பாட்டும் பாடினாள். பிறகு தன்னுடையதை எடுத்தாள். பெண்கள் பக்கம் இரண்டாவது வரியிலேயே சத்தம் எழுந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு வந்து பந்தல் காலைப் பிடித்து நின்றார்கள். தண்ணீர் மோட்டார் வரிக்கு ஆண்களும் சிரித்தார்கள். கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு போகிற இடத்தில் மட்டும் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு நடுத்தர வயதுப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்தாள். மௌனிகா அதைப் பார்த்துவிட்டாள். பாராட்டு வந்தபோது சரியாகக் காதில் விழவில்லை.

பொங்கியண்ணன் தாம்பூலப் பை கொடுத்து, "இன்னொருக்கா பாடுங்களேன், வெளிய இருந்தவங்க கேக்கலையாம்" என்றார். இன்னொரு தடவையும் பாடினாள்.

திரும்பும்போது முத்தூர் தாண்டியதும், "வண்டிய ஓரங்கட்டு" என்றாள்.

"பசிக்குதுங்களாக்கா?"

"இல்ல. மாமனார எழுப்பற வரி சரியில்ல. சிரிக்க வெக்கறதுக்காக எழுதியிருக்கேன். அங்க அவளுக்குச் சிரிப்பு வராது."

"எல்லாரும் சிரிச்சாங்களே?"

"அதான் சொல்றேன்."

வேப்பமர நிழலில் காரை நிறுத்தினான். மௌனிகா இறங்கி, கிடாரை எடுத்துக்கொண்டு காரின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் சோளக்காடு. வெயில் ஏறியிருந்தது. புது வரி ஒன்றைச் சொல்லிப் பார்த்தாள், அடித்துவிட்டாள். இன்னொன்று. சபரீஷ் கதவைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே தாம்பூலப் பையிலிருந்த வாழைப்பழத்தை உரித்தான்.

வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுகிறவர் தலையை நீட்டினார்.

"ஏனுங் அம்மணி, வெள்ளகோவிலுக்கு இதுதானுங்களே ரோடு?"

"இதேதானுங்க, நேராப் போங்க" என்று கையைக் காட்டிவிட்டு, அவள் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.